இரண்டு கொழும்பு: நிரல்மொழிகளில் தமிழ்ச் சரங்களை ஒப்பிடும் சிக்கல்

கொழும்பு என்ற சொல்லை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘கொ’வின் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டு எண்களாகப் பிரித்து வைக்கலாம். திரையில் பார்த்தாலும் தாளில் அச்சிட்டாலும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பைதனிடமோ ஜாவாஸ்கிரிப்ட்டிடமோ பிஎச்பியிடமோ இவ்விரண்டும் சமமா என்று கேட்டால், இல்லை என்றே விடை வரும். கொட்டாஞ்சேனை, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘பாமன்கடை, கொழும்பு 06’ என்று எழுதும்போது பாமன்கடை தப்பிவிடும், கொழும்பு மாட்டிக்கொள்ளும். இத்தகைய தவறு நேரும்போது தமிழ் சிக்கலான எழுத்து, கணினிக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பிழையான நோயறிதல் என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு சரங்கள் சமமா என்ற ஒரே கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்கு யுனிகோட் தரமே முடிவான விடை தந்திருக்கிறது; அதைச் செய்யாமல் விடுவது நிரலாளரின் அசட்டை. மற்றதற்கு எந்தத் தரமும் விடை தராது. ஒப்பிடுவது எதற்காக என்று தெரிந்த மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் குழப்புவதால்தான் தவறுகள் வருகின்றன.

இரட்டை வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பு, இந்திய மொழிகளுக்கான இடங்களை 1988 ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி ஒதுக்கியது. தேவநாகரியின் வரிசையை ஒட்டி எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான ஒரு சட்டகம் அது; தமிழ் எழுத்துகள் அச்சட்டகத்தில் கிடைத்த இடங்களில் அமர்ந்தன. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் மெய்யின் இரு பக்கமும் வரும் குறிகள் ஆகையால் அவற்றுக்கு முழு வடிவமும் தரப்பட்டது, துண்டு வடிவங்களின் சேர்க்கையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் நிகர் என்று தரம் அறிவித்தது. ஆனால் எழுதும் கருவிகள் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு எழுதுவதில்லை. இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகை தட்டச்சுப் பொறியின் மரபில் வந்தது. கொம்பு முதலில், மெய் அடுத்து, கால் கடைசியில். அத்தகைய விசைப்பலகைக்கு மென்பொருள் எழுதுகிறவர் கவனமாக இருந்தால் மூன்று தட்டல்களும் சேர்ந்து ஒழுங்கான ‘கொ’ ஆகும். கவனமில்லாவிட்டால் துண்டுகளாகவே நிற்கும். மாக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைத் துண்டு வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொழும்பு’ என்ற கோப்பை விண்டோஸில் தட்டச்சு செய்த பெயரால் தேடினால் அகப்படாது.

இலங்கைக்கே உரிய இன்னொரு வழி பாமினி. யுனிகோட் வருவதற்கு முன் நம்முடைய அச்சகங்களையும் அலுவலகங்களையும் ஆண்ட அந்த எழுத்துரு இன்றும் ஓய்வு பெறவில்லை. பாமினியில் தட்டியது கணினிக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தியது. சிறிய ‘எஃப்’ க ஆகவும், பெரிய ‘எஃப்’ கு ஆகவும் தோன்றும். பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடும் தரவுத்தளத்தில் பாமினியில் எழுதிய கடமும் குடமும் ஒரே சொல். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் பல உண்டு. ஒவ்வொரு குறியையும் தனித்தனியே மாற்றிக்கொண்டு போகிற கருவி, கொம்பையும் காலையும் சேர்க்காமல் விட்டுவிடும். பழைய ஆவணங்களை மாற்றி ஒரு தொகுதியாகவும், புதியவற்றைக் கைபேசியில் தட்டி மற்றொரு தொகுதியாகவும் வைத்திருக்கும் நிறுவனத்தில் இரண்டு கொழும்புகளும் அருகருகே குடியிருக்கும்.

இனி மொழிகளின் பக்கம். சமக்குறியைப் போட்டு இரு சரங்களை ஒப்பிடும்போது பைதன் குறியெண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் 16 பிட் அலகுகளைப் பார்க்கிறது, பிஎச்பி வெறும் பைட்டுகளைப் பார்க்கிறது. கொழும்பு என்பதில் நமக்கு நான்கு எழுத்து. பைதனுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் எட்டு, துண்டு வடிவமானால் ஒன்பது. பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கில் 24 அல்லது 27. பிஎச்பியைத் திருத்தி யுனிகோட்டை உள்ளேயே வைக்கும் ஆறாம் பதிப்பு முயற்சி 2010 இல் கைவிடப்பட்டது; அம்மொழி ஐந்திலிருந்து நேராக ஏழுக்குத் தாவியது அதனால்தான். அதன் இரட்டைச் சமக்குறிக்கு வேறொரு பழக்கமும் உண்டு: இரு பக்கமும் எண் போலத் தோன்றும் சரங்களாக இருந்தால் எண்களாகவே எடுத்துக்கொள்ளும். அஞ்சல் வலயத்தைத் தனிக் கட்டத்தில் வாங்கினால் ‘06’உம் ‘6’உம் சமமாகிவிடும். அதே 06 வலயத்திலுள்ள வெள்ளவத்தைக்கு அது நன்மைதான். ஆனால் முன் சுழியம் பொருளுடையதாக இருக்கும் இலக்கங்களிலும் அதே தாராளம் நடக்கும். மூன்று சமக்குறி இட்டால்தான் நிற்கும்.

பைதனில் ஒரு வேடிக்கை. மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கொழும்பு என்ற மாறியை ஓரிடத்தில் முழு வடிவிலும் இன்னோரிடத்தில் துண்டு வடிவிலும் எழுதினால் பைதன் இரண்டையும் ஒரே மாறியாகவே கொள்கிறது. மாறிப் பெயர்களைச் சீராக்கிய பிறகே, அதாவது நிகரான வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே, படிக்க வேண்டும் என்பது அதன் விதி. அதே சொல்லை மேற்கோளுக்குள் தரவாக வைத்தால் இரண்டு சொற்கள். தன் வீட்டுப் பெயர்களுக்குத் தேவை என்று மொழி தெரிந்துவைத்திருக்கிற ஒழுங்கை, நம் தரவுக்குச் செய்யும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. கருவியைக் கொடுக்காமலும் இல்லை: பைதனின் யுனிகோட் தரவு நூலகத்தில் சீராக்கும் செயல்கூறு இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015 முதல் எந்தச் சரத்தின் மீதும் நேரே அழைக்கலாம், பிஎச்பியில் பன்னாட்டுமயமாக்க நீட்சியோடு வருகிறது, பேர்ளிலும் ரூபியிலும் உண்டு. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி எழுதப்படாமலிருப்பதைத் தமிழின் சிக்கல் என்று சொல்வதை ஏற்பதற்கில்லை.

ஒன்றை இரண்டாகப் பார்ப்பது ஒரு தவறு என்றால், பலவற்றை ஒன்றாகப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் பேசப்படுவதோ குறைவு. பெயர்களை ஒப்பிடுமுன் நிறுத்தக்குறிகளையும் இடைவெளிகளையும் விசேட குறியீடுகளையும் நீக்கிச் சுத்தப்படுத்துவது நிரலாளரின் நல்ல பழக்கம். ‘எழுத்தும் இலக்கமும் தவிர மற்றவற்றை நீக்கு’ என்று ஒரு வடிவக்கோவை எழுதுவார்கள். ஆங்கில எழுத்து 26ஐயும் பத்து இலக்கங்களையும் மட்டும் விட்டுவைக்கும் கோவையானால் எந்தத் தமிழ்ப் பெயரும் வெற்றுச் சரமாகும். வெற்றுச் சரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். பைதனின் வழமையான வடிவக்கோவை நூலகம் சற்று முன்னேறியது; க, ச, ட போன்றவற்றை எழுத்து என்று ஒப்புக்கொள்ளும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஒப்புக்கொள்ளாது. யுனிகோட் வகைப்பாட்டில் அவை எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. நூலகம் எழுத்து வகையை மட்டும் பார்க்கிறது. அந்தச் சுத்திகரிப்பில் வெள்ளவத்தை ‘வளளவதத’ ஆகும். கடை, குடி, கொடி, கூடை நான்கும் ‘கட’ ஆகும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. சமம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். துண்டு வடிவத்தால் ஒருவரின் பதிவு தேடலில் அகப்படாமற் போனால் அவர் வந்து கேட்பார். ஒருவரின் பதிவின் மேல் வேறொருவரின் பதிவு எழுதப்பட்டால் அதை யாரும் உடனே கண்டுகொள்ளமாட்டார்கள். மாற்று நூலகங்கள் குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்கின்றன. வகைப்பாட்டில் ‘எழுத்து, குறி, இலக்கம்’ மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் சரியாகும். தமிழ் எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தரும் ஓபன்-தமிழ் போன்ற பைதன் தொகுதிகளும் இருக்கின்றன.

சரி, சீராக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. இரண்டாம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கௌரி என்ற பெயரில் வருவது ஔகாரக் குறி. 3020 என்ற எண். அதையே கொம்பு, பிறகு ளகரம் என்று தட்டுபவர்கள் ஏராளம். உருவத்தில் வேறுபாடு தெரியாது. சீராக்கம் இதைத் தொடாது, தொடவும் கூடாது. யுனிகோட்டின் பார்வையில் ஒன்று ஔகாரக் குறி, மற்றது முழு மெய்யெழுத்து. தற்செயலாக ஒரே உருவம் கொண்ட இரண்டு வேறு பொருள்கள். கொம்பையும் ளகரத்தையும் எங்கே கண்டாலும் ஔகாரமாக்கிவிடு என்று ஒரு வரி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு வெள்ளவத்தையே சாட்சி. ‘வெ, பிறகு ள்’ என்ற அந்த ஊர்ப் பெயரின் தொடக்கத்தில் அந்த வரி பாய்ந்து, வகர ஔகாரத்தின் தலையில் ஒரு புள்ளியை அநாதையாக விட்டுவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் மாற்றாதே என்று விதியைக் கூர்மையாக்கலாம். வெள்ளவத்தையும் தெளிவும் தப்பும். பேச்சுமொழியில் எழுதப்பட்ட கதையில் ‘வெளக்கு’, ‘கெளப்பு’ என்று வரும்போது அதுவும் தோற்கும். ஆகவே ஆட்பெயர்ப் பட்டியலுக்கு இந்த விதி பயனுள்ளது, சிறுகதைத் தொகுப்புக்கு ஆபத்தானது. தரவு என்ன என்று தெரியாமல் எந்த நூலகமும் இதைத் தீர்மானிக்க முடியாது.

ஸ்ரீ இன்னும் வழுக்கலானது. 2005 இல் வந்த யுனிகோட் 4.1 வரை அதை ஸகரத்தைக் கொண்டு எழுதுவதே முறை. அப்பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டதும் ஶகரத்தைக் கொண்டு எழுதுவதே சரி என்று பரிந்துரை மாறியது. பழைய முறையில் எழுதப்பட்டவை அப்படியே இருக்கின்றன. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவத்தில் காட்டுகின்றன. சீராக்கம் இவற்றை இணைப்பதில்லை. தமிழ் இலக்கமான ஏழும் எகரமும், தமிழ் இரண்டும் உகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் பிரித்தறிய இயலாதவை. காலும் ரகரமும் சிலவற்றில் அப்படியே. இவை எல்லாவற்றிலும் சமமாகக் கொள்வதா வேண்டாமா என்பது தேடுகிறோமா, அடையாளம் உறுதிப்படுத்துகிறோமா, மோசடியைத் தடுக்கிறோமா என்பதைப் பொறுத்தது.

கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பற்றி இலங்கையில் தனியாகவே சொல்ல வேண்டும். சொல்லுக்கு நடுவில் நுழைந்துவிடும் அகலமில்லா இணைப்பானும் பிரிப்பானும், 8205, 8204 என்ற எண்கள், தமிழில் பெரும்பாலும் தேவையற்றவை. ஒட்டி வெட்டும்போது கூடவே வந்து ஒப்பீட்டைக் கெடுப்பவை. ஆகவே தமிழ் நிரலாளர்களுக்குள் அவற்றைக் கண்ட இடத்தில் நீக்கு என்ற அறிவுரை உலவுகிறது. சென்னைக்கு அது பொருந்தலாம். கொழும்பில் அதே கட்டத்தில் சிங்களமும் வந்து விழும். சிங்களத்தில் யகரமும் ரகரமும் மெய்யோடு கூடி எழுதப்படும் வடிவங்களுக்கு அந்த இணைப்பான் இன்றியமையாதது. நாட்டின் பெயரில் வரும் ‘ஸ்ரீ’யே சிங்களத்தில் அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. தமிழைச் சுத்தப்படுத்த எழுதிய வரி நாட்டின் பெயரைச் சிங்களத்தில் உடைத்துவிடும். 1987 இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் இரண்டும் அரச கரும மொழிகள். ஒரே படிவத்தில் இரண்டும் வருவது விதிவிலக்கல்ல. குறியைச் சூழ்ந்திருப்பது எந்த எழுத்து என்று பார்த்துவிட்டே நீக்க வேண்டும். இணையப் பெயர்களுக்கான தரம் இதைத்தான் செய்கிறது: 2010 இல் வழங்கப்பட்ட .இலங்கை, .ලංකා போன்ற ஆள்களப் பெயர்கள் இயங்கும் விதிகளில் சீராக்கம் கட்டாயம். இணைப்பான் புள்ளிக்குப் பின் போன்ற குறித்த சூழல்களில் மட்டுமே அனுமதி.

ஒப்பீடு என்பது சமமா என்ற கேள்வி மட்டுமல்ல, எது முந்தியது என்ற கேள்வியும்தான். குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. இஸ்கி சட்டகத்தில் றகரம் ரகரத்தின் அருகிலும் ழகரம் ளகரத்தின் அடுத்தும் னகரம் நகரத்தின் அடுத்தும் வைக்கப்பட்டதால், எண் வரிசையில் கொள்ளுப்பிட்டி கொழும்புக்கு முன் வரும். அகராதியில் கொழும்பே முந்தியது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது ஆகையால் வத்தளைக்கு முன்னே வதிரி வந்து நிற்கும். ஜிந்துப்பிட்டி செட்டியார் தெருவை ஒட்டி வருகிறது. நிலப்படத்தில் அது பொருத்தம், அகராதியில் கிரந்த எழுத்துகளின் இடம் கடைசி. துண்டு வடிவத்தில் எழுதிய கொட்டாஞ்சேனையோ கொம்பின் எண்ணைக் கொண்டு கெகரத்தின் வரிசைக்குப் போய்விடும். இவற்றுக்கும் தீர்வு ஆயத்தமாகவே கிடக்கிறது: யுனிகோட் அமைப்பின் வட்டாரத் தரவில் தமிழ் அகரவரிசை விதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டின் வட்டார ஒப்பீட்டுச் செயல்கூறும் பிஎச்பியின் பன்னாட்டு நீட்சியும் அதைப் பயன்படுத்துகின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் வட்டார ஒப்பீடு இரண்டு கொழும்புகளையும் சமம் என்றே சொல்லும். ஒரே மொழிக்குள் சமக்குறி ஒன்று சொல்ல, ஒப்பீட்டுச் செயல்கூறு வேறொன்று சொல்லும் நிலை இது.

அப்படியானால் சமக்குறியே இதைச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பேர்ள் 6 என்று தொடங்கி 2019 இல் ராக்கு என்று பெயர் மாறிய மொழி அதைத்தான் செய்கிறது; உள்ளே வரும் எந்தச் சரமும் சீராக்கப்பட்டே நுழையும். ஆனால் அம்மொழியே கோப்புப் பெயர்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனெனில் இயங்குதளம் தந்த பெயரைப் பைட் மாறாமல் திருப்பிக் கொடுக்காவிட்டால் கோப்பைத் திறக்க முடியாது. மின்கையொப்பம், கோப்பின் சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றிலும் ஒரு பைட் மாறினால் மாறியதுதான். ஆகவே சமக்குறி அப்பட்டமான ஒப்பீடாக இருப்பதில் நியாயம் உண்டு. இதைக் காட்டிச் சீராக்கமே வேண்டாம் என்பாரும் உளர். கடவுச்சொற்களைக் கையாளும் 2017 ஆம் ஆண்டின் இணையத் தர ஆவணம் அவற்றைக்கூடச் சீராக்கிய பின்பே ஒப்பிடச் சொல்கிறது. பூட்டைப் பற்றியே அப்படி முடிவெடுத்திருக்கும்போது பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் பைட் தூய்மை பேசுவதில் பொருளில்லை.

இன்னொரு மறுப்பு நம்மவரிடமிருந்தே வருகிறது. யுனிகோட் தமிழைத் துண்டு துண்டாக்கியதே எல்லாவற்றுக்கும் வேர், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறைக்கு மாறினால் போதும் என்பது. தமிழ்நாடு அரசு 2010 இல் யுனிகோட்டோடு அதையும் ஏற்றது. அம்முறையில் இரண்டு கொழும்பு இராது, அகரவரிசை எண் வரிசையிலேயே அமையும், நீளக் கணக்கு நான்கு என்று வரும். இவற்றை மறுக்க முடியாது. ஆனால் உலகின் கைபேசிகளும் தரவுத்தளங்களும் யுனிகோட்டின் வழமையான தமிழ் இடங்களையே அறியும். எல்லையில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றுமிடத்தில் சீராக்கமும் வேண்டும். மேலும் மேலே சொன்ன இரண்டாம் கேள்வியில் ஒன்றைக்கூட அது தீர்க்காது. கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி கௌரி எழுதுகிறவர் டேஸ்-16இலும் அப்படியே தட்டுவார்.

பெயர்களை ஒப்பிடுவதே வீண், அடையாள இலக்கத்தை ஒப்பிடு என்பது நடைமுறைவாதிகளின் வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நம் தேசிய அடையாள அட்டைக்கே இரண்டு வடிவங்கள்: ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழையது, 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கப் புதியது. பழையதை ஒப்பிட ஆண்டின் முன் 19ஐச் சேர்த்து, தொடரிலக்கத்தின் முன் ஒரு சுழியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். அந்த எழுத்தைச் சிலர் பெரியதாகவும் சிலர் சிறியதாகவும் எழுதுவார்கள். எண்ணுக்கு ஓடினாலும் சீராக்கம் விடுவதில்லை. நூற்பட்டியல், காணி உறுதி, பழைய செய்தித்தாள் ஆகியவற்றில் இலக்கமே இல்லை, பெயர்தான் உண்டு.

தோராயமாகப் பொருத்தும் கருவிகள் வந்துவிட்டனவே, அவை பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். அவை குறியெண்களின் வேறுபாட்டை எண்ணுகின்றன. ஒரே கொழும்பின் இரு வடிவங்களுக்கு இடையே இரண்டு மாற்றம் என்றும், கடைக்கும் கடிக்கும் இடையே ஒரே மாற்றம் என்றும் கணக்கிடும் கருவி, சீராக்காத தரவில் தலைகீழாகவே தீர்ப்பளிக்கும்.

செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் நூலகம் இணையத்தளமும் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள், யார் எந்த விசைப்பலகையில் தட்டினாலும் உள்ளே வரும் எழுத்தை வாசலிலேயே சீராக்கிவிடுகிறது; இலட்சக்கணக்கான தமிழ்ப் பக்கங்களில் இரண்டு கொழும்பு பிறக்காததற்குக் காரணம் அதுவே. அதற்கு மேற்பட்டவற்றை, ஔகாரத்தையும் ஸ்ரீயையும், அது தானாக மாற்றுவதில்லை. தேவைப்பட்ட பக்கங்களுக்கு மனிதர்கள் வழிமாற்று வைக்கிறார்கள். பிரிவினை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மற்றவர்களும் அப்படியே செய்யலாம்: எழுதியவர் தந்த வடிவத்தை ஒரு புலத்தில் காட்டுவதற்கு வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கான சாவியை வேறொரு புலத்தில் தனியே உருவாக்கலாம். முதலாவது மாறக் கூடாது. இரண்டாவதைத் தேவைக்கேற்ப எத்தனை முறையும் மறுபடி ஆக்கலாம்.

தமிழ்ப் பெயர்களையும் முகவரிகளையும் வாங்கும் மென்பொருளுக்கு விலைமனுக் கோருகிற அலுவலகங்களும் பாடசாலைகளும் சங்கங்களும் ஒரு சிறு சோதனையை நிபந்தனையாகச் சேர்க்கட்டும். துண்டு வடிவிலும் முழு வடிவிலும் எழுதிய கொழும்பு ஒன்றாகக் கிடைக்க வேண்டும்; கடையும் குடியும் ஒன்றாகிவிடக் கூடாது; வெள்ளவத்தை உடையாமல் திரும்பி வர வேண்டும்; சிங்களத்தில் எழுதிய நாட்டின் பெயர் அப்படியே இருக்க வேண்டும்; கொழும்புக்குப் பின்னரே கொள்ளுப்பிட்டி வர வேண்டும். இதில் தவறும் மென்பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.